கோதுமை விக்கல்

இந்தக் கதையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஓர் இடம் வருகிறது, ஆனால் அது கடைசியில்தான் வருகிறது, அதற்கு முன்னால் யாராவது அவசரப்பட்டுச் சிரித்தால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதல் வரிக்கு வர வேண்டியதுதான்; பீருக்கும் அதுதான் சட்டம், இரண்டு வாரம் இருட்டில் சும்மா கிடக்க வேண்டிய பாட்டிலை ஆசைப்பட்டு மூன்றாம் நாளே திறந்தால் நுரையும் வராது ருசியும் வராது, தித்திப்பாக ஒரு கஞ்சித் தண்ணீர்தான் வரும். ஆகவே சிரிப்பை மூடி போட்டு ஓரமாக வைத்துவிட்டு, முதலில் டிரம்மைப் பார்ப்போம்.

டிரம் பிரான்சிலிருந்து வந்தது. முத்தியால்பேட்டை மரியகம் அடுக்ககத்தில், நாலு மாடி பதினாறு வீட்டில், மூன்றாம் மாடி ‘சி’ வீட்டுச் சவரிநாதனுக்கு அவருடைய தங்கை மகன், ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது, கொண்டுவந்து கொடுத்த அட்டைப்பெட்டி அது, மேலே பொன்னிறத்தில் நுரை தள்ளுகிற தம்ளர் படம், உள்ளே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டிரம், அதன் மூடியில் செருகுவதற்கு வளைந்த ஒரு கண்ணாடிக் குழாய், தேன் மாதிரி கெட்டியாகக் கோதுமைப் பாகு அடைத்த இரண்டு டின், கசப்புக்கு ஒரு பொட்டலம் காய்ந்த பூ, ஈஸ்ட் ஒரு பொட்டலம், பாட்டில் மூடிகள், மூடியை அழுத்துகிற இடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே பிரெஞ்சில் எழுதிய நாலு பக்கத் தாள். முதல் தடவை பீர் போடுகிறவர்களுக்கான பெட்டி, தாளில் இருப்பதை இருக்கிறபடி செய்தால் போதும், சின்னப் பிள்ளையும் செய்யலாம் என்று சொல்லிவிட்டு மருமகன் விமானம் ஏறிவிட்டான். சவரிநாதனுக்குப் பிரெஞ்சு தெரியாது. மில்லில் நாற்பது வருஷம் தறிகளுக்கு நடுவில் நின்று இடது காதைக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர், அந்த அடுக்ககத்தில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் எதிர்வீட்டு ரெஜினாவின் மகள் பிலோமி, பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாக எடுத்திருந்தாள், வயது பதினாறு.

பிலோமிக்கு எல்லார் குரலும் வரும். சிலிண்டர்காரர் குரலில் கீழே நின்று கூப்பிட்டுப் பதினாறு வீட்டுப் பெண்களையும் பால்கனிக்கு வரவைப்பாள், பங்குச் சாமியார் குரலில் படிக்கட்டில் இருமிச் சீட்டாடுகிறவர்களை எழுந்து நிற்க வைப்பாள், சங்கத்துச் செயலாளர் கோதண்டத்தின் குரலில் "மோட்டார் ரிப்பேர், தண்ணி நாளைக்குத்தான்" என்று மைக்கே இல்லாமல் அறிவித்து எல்லாரையும் குடத்தோடு ஓடவைப்பாள், பிறகு மாடிப்படி வளைவில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்குவாள். அப்படிப்பட்டவள் கையில் ஒருத்தர் தனக்குத் தெரியாத பாஷையில் எழுதிய தாளைக் கொடுத்தால் என்ன ஆகும்.

"கொதிக்கவச்ச பாகை டிரம்ல ஊத்தி, தண்ணி சேத்து, ஆறவிடணும் அங்கிள்," என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தாள். "அப்புறம், மனசுல யாரையாவது ஒருத்தர நெனச்சுக்கினே, எழுவத்திரண்டு தடவை கிண்டணும். நடுவுல பேசக்கூடாது. பேசினா முதல்லேர்ந்து."

"யாரையாவதுன்னா?"

"தாள்ல பேரெல்லாம் போடல அங்கிள். உங்களுக்கு யாரு வேணுமோ அவங்க."

தாளில் அப்படி ஒரு வரி கிடையாது. சவரிநாதன் எழுபத்திரண்டு தடவை கிண்டினார், நாற்பத்தொன்றில் ரெஜினா வந்து "இன்னா அண்ணே வாசனை" என்று கேட்டதற்கு "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டதால் மறுபடியும் ஒன்றிலிருந்து கிண்டினார், கிண்டி முடித்து ஈஸ்ட் பொட்டலத்தைப் பிரித்தால் அது பங்குனி வெயிலில் கல்லாகிச் செத்துப் போயிருந்தது. அதற்காக அவர் கலங்கவில்லை. புளிக்க வைக்கிற காரியம்தானே என்று எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "ரெஜினா, இட்லி மாவு ஒரு கரண்டி குடும்மா, நல்லாப் புளிச்சதா" என்று கேட்டு வாங்கி, பிரான்ஸ் தேசத்துப் பாகில் முத்தியால்பேட்டை மாவை ஊற்றி, மூடி, குழாயைச் செருகி, டிரம்மைச் சுற்றி ஈரச்சாக்கைக் கட்டிச் சமையலறை மூலையில் உட்கார்த்திவிட்டார். மறுநாள் காலையிலேயே குழாயில் கொளக் கொளக்கென்று குமிழி போக ஆரம்பித்தது. மூன்றாம் நாள் வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் சேர்ந்து அடுக்ககத்தின் நடுவே காற்றுக்கு விட்டிருந்த நடுக்குழிக்குள் இறங்கி எல்லாச் சமையலறை ஜன்னலிலும் நுழைந்தது, இரண்டாம் மாடி மங்கையர்க்கரசி டீச்சர் யார் வீட்டிலோ பஞ்சாமிர்தம் செய்கிறார்கள் என்று கிண்ணத்தோடு வந்துவிட்டார்.

பத்து நாள் புளித்து, தெளிந்து, பாட்டிலுக்கு ஒரு சிட்டிகை சர்க்கரையோடு மூடி போட்டு, இன்னும் இரண்டு வாரம் கிடந்து, உயிர்த்த ஞாயிறு அன்று மாலை நாலு மணிக்குச் சவரிநாதனின் கூடத்தில் முதல் பாட்டில் திறக்கப்பட்டது. செயலாளர் கோதண்டம் தம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்கெல்லாம் லைசென்ஸ் வேணாமா சார்?"

"கோதுமைதானே," என்றார் சவரிநாதன்.

"அதுவும் சரிதான். சப்பாத்தி தண்ணியா வந்துருக்குதுன்னு வச்சிக்குவோம்," என்று கோதண்டம் ஒரு மடக்குக் குடித்தார், விக்கல் வந்தது, அந்த விக்கல் அவர் குரலில் வரவில்லை, விழுப்புரத்தில் இருக்கிற அவர் தம்பியின் குரலில் வந்தது, விக்கலோடு ஒரு சொல்லும் வந்தது. "கிணறு" என்றது. பாகப்பிரிவினை வழக்கில் பன்னிரண்டு வருஷமாக முகம் பார்க்காத தம்பி, அந்த நிமிஷம் எங்கேயோ கிணற்று மேட்டில் நின்றுகொண்டு அண்ணனை நினைத்துக்கொண்டிருந்தான்.

விக்கினால் யாரோ நினைக்கிறார்கள் என்று எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். யார் நினைக்கிறார்கள், என்னத்தை நினைக்கிறார்கள் என்பதையும் இந்த விக்கல் சொல்லிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம், அதனால் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "அவன் இன்னமும் அந்தக் கெணத்துலதான் கெடக்கறானா," என்று கோதண்டம் தம்ளரை நீட்டினார், "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க." ரெஜினாவுக்குத் தோஹாவில் இருக்கிற கணவரின் குரலில் "தலகாணி" என்று விக்கியது, அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மங்கையர்க்கரசி டீச்சரின் கணவர் தனபாலுக்கு மட்டும் யாருக்கும் தெரியாத ஒரு பெண் குரலில், ரொம்பக் கவலையாக, "சட்டை" என்று விக்கியது, டீச்சர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார், நாலு நாள் அந்த வீட்டில் சோறு பொங்கவில்லை, ஐந்தாம் நாள் இஸ்திரி போடுகிறவரின் மனைவி தயங்கித் தயங்கி வந்து, "டீச்சர், சார் சட்டை ஒண்ணு தீஞ்சு போச்சு, எப்படிச் சொல்றதுன்னே தெரியல" என்று சொன்ன பிறகுதான் தனபாலுக்குக் குழம்பு கிடைத்தது.

ஒரு மாதத்துக்குள் மரியகத்தில் யாரும் தாகத்துக்குக் குடிப்பதில்லை என்று ஆகிவிட்டது. டிரம்மின் அடியில் தங்கிய மண்டியை வீணாக்காமல் உறைமோர் மாதிரி கிண்ணத்தில் வாங்கிப்போய், முளைகட்டிய கோதுமையைப் பால்கனியில் காயப்போட்டு, அரைத்துக் காய்ச்சி, அதில் அந்த மண்டியை ஊற்றி அவரவர் வீட்டிலேயே போட ஆரம்பித்தார்கள், விளக்கு வைத்த பிறகு மண்டி கேட்டால் மட்டும் கொடுப்பதில்லை, அது மோருக்கு இருந்த வழக்கம், அப்படியே இதற்கும் ஒட்டிக்கொண்டது. கோதண்டம் சுற்றறிக்கை ஒட்டினார்: விக்கல் நேரம் மாலை நான்கு முதல் ஆறு வரை, அடுத்தவர் விக்கலை லிஃப்டில் பேசுவது தவிர்க்கப்பட வேண்டும், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு விக்குகிறவர்கள் பிற்பாடு புகார் செய்யக்கூடாது, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விக்கல் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு பஜ்ஜியோடு ஒரு தம்ளர் கொடுத்து மாப்பிள்ளை எந்தக் குரலில் விக்குகிறான் என்று பார்த்தார்கள். ஒரே மாலையில் நாலு குரலில் விக்கியவருக்குச் சங்கக் கூட்டத்தில் முன் வரிசை நாற்காலி கிடைத்தது, இரண்டு குரல்காரர்கள் பின்னால் உட்கார்ந்தார்கள், ஒரு குரல்காரர்கள் சுவரோரம் நின்றார்கள்.

குரலே இல்லாதவர் ஒருவர்தான். சவரிநாதன் முதல் நாள் முழு பாட்டிலைக் குடித்தார், தொண்டை மட்டும் ஒரு துள்ளு துள்ளியது, சத்தம் வரவில்லை. இரண்டாம் பாட்டிலுக்கும் வெறும் துள்ளல். எல்லாரும் அவரவர் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

"சில பேருக்கு லேட்டாத்தான் வரும் சார்," என்றார் கோதண்டம், வாசலைத் தாண்டியதும் தனபாலின் தோளைத் தட்டி, "ஊர்ல ஒரு நாய்கூட அந்தாள நெனைக்கல பாத்தியா," என்றார். அது நடுக்குழியில் எதிரொலித்தது. நல்ல காதில்தான் விழுந்திருக்க வேண்டும், அன்றிலிருந்து சவரிநாதன் கூடத்தில் குடிப்பதை விட்டுவிட்டார், தினமும் நாலு மணிக்குச் சமையலறையில் ஜன்னலுக்கு இடது தோளையும் கேளாத காதையும் காட்டி நின்றுகொண்டு, தனியாக ஒரு தம்ளர் குடித்துவிட்டுக் காத்திருப்பார்.

யாருக்காகக் காத்திருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆக்னஸ் அவருக்கு ஒரே மகள், தாயில்லாமல் வளர்ந்தவள், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வீராம்பட்டினத்துப் படகு மெக்கானிக் ஒருவனைக் கட்டிக்கொள்வேன் என்றாள். அன்று காலை சவரிநாதன் அவள் பெட்டி இரண்டையும் எடுத்து வாசலுக்கு வெளியே படிக்கட்டு மேடையில் வைத்துக் கதவைச் சாத்தினார். அவள் சாயங்காலக் கோயில் மணி அடிக்கிறவரைக்கும் அங்கேயே நின்று கதவைப் பார்த்து "அப்பா", "அப்பா" என்று கூப்பிட்டாள், பதினாறு வீட்டுக்கும் கேட்டது, அப்போது சங்கச் செயலாளர் சவரிநாதன்தான், அதனால் மற்ற பதினைந்து கதவும் திறக்கவில்லை. பிறகு அவள் பெட்டிகளைத் தாண்டிக்கொண்டு வெறுங்கையோடு இறங்கிப் போனாள். சூரத்தில் இருக்கிறாள் என்றார்கள், சென்னையில் என்றார்கள், ஒரு கடிதமும் வரவில்லை. அதன் பிறகும் சவரிநாதன் மொட்டைமாடிச் சாவியைத் தன் அரைஞாணிலேயே வைத்திருந்தார், பால்கனியில் விழுந்த பந்தையெல்லாம் கத்தியால் கீறித்தான் திருப்பிக் கொடுத்தார், பிலோமியின் குரல் விளையாட்டைப் பள்ளிக்கூடத்தில் சொல்லி அவளை மூன்று நாள் வெளியே நிற்க வைத்தார். ஆகவே அவருக்கு விக்கல் வரவில்லை என்பதில் மரியகத்துக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

பிலோமிக்கும் இல்லை. அவளுக்குக் கோடை விடுமுறை, மத்தியானங்கள் ஈரத்துணி மாதிரி தொங்கின, அவள் வீட்டுச் சமையலறை ஜன்னலும் அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலும் நடுக்குழியின் குறுக்கே கை நீட்டினால் கிண்ணம் மாற்றிக்கொள்கிற தூரம். ஒரு நாலு மணிக்கு ஜன்னலுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கால் பார்த்தாள். அவர் குடித்தார். தொண்டை துள்ளியது. பிலோமி வாயைத் திறந்தாள், ஏழு வயதில் தனக்கு மாடியில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த அக்காவின் குரலில், இரண்டாவது எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, விக்கினாள்.

"அப்பா."

சவரிநாதன் தம்ளரை மேடையில் வைத்தார். மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டே மெல்லத் தரையில் உட்கார்ந்தார். ஒற்றைக் காதுக்குக் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியாது, ஏழு வயதுப் பிள்ளை ஒன்பது வருஷத்துக்குப் பிறகும் ஒரு குரலை வைத்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் தள்ளிவிட்டிருப்பார், அவ்வளவு நாள் காத்திருந்த காது அது. பிலோமி அவள் வீட்டுத் தரையில் வாயில் துணியை அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

மறுநாள் அவர் மழித்துக் குளித்து, இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்று குடித்தார். "மாடி" என்றாள். அதற்கடுத்த நாள் "வாய்ப்பாடு". சவரிநாதன் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் அந்தந்த நாளின் சொல்லை எழுதிவைத்தார், படிக்கட்டில் எதிர்ப்பட்ட எல்லாரையும் நிறுத்தினார். "ஆக்னஸ் நெனைக்கறா. தெனம் நெனைக்கறா, நாலு மணிக்கு. அதுவும் கரெக்டா நாலு மணிக்கு," என்று சிரித்தார், அவர் பல்லை அந்த அடுக்ககம் அன்றுதான் பார்த்தது.

இரண்டாம் மாடியில் இருந்து அதே நடுக்குழியை அண்ணாந்து பார்த்த மங்கையர்க்கரசி டீச்சர்தான் முதலில் கண்டுபிடித்தார். பிலோமியின் வாய் அசைவதைப் பார்த்தார். காதைத் திருகப் போகிறார் என்று பிலோமி நினைத்தாள். டீச்சர் மாடி ஏறி வந்து, குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு ‘நெத்திலி’ன்னு சொல்லேன். அந்தப் பொண்ணுக்கு நெத்திலி வறுவல்னா உசுரு," என்றார்.

"நெத்திலி" என்று விக்கியது. சவரிநாதன் காலையில் மார்க்கெட்டுக்குப் போய் நெத்திலி வாங்கி, ஆய்ந்து, மிளகாய்த்தூள் தடவி வறுத்து, சாப்பிட ஆள் இல்லாததால் பதினைந்து வீட்டுக்கும் தட்டுத் தட்டாகக் கொடுத்துவிட்டு வந்தார். மரியகம் விரலை நக்கிக்கொண்டே யோசித்தது. அதன் பிறகு நாலு மணிக்கு முன்னால் ரெஜினா வேலைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து அந்தச் சமையலறைக்கு ஆள் வர ஆரம்பித்தார்கள், தணிந்த குரலில் விண்ணப்பம் போட்டார்கள், பிலோமி ராணி மாதிரி காலாட்டிக்கொண்டு கேட்டாள். பிள்ளைகள் "பந்து" கேட்டார்கள், சவரிநாதன் ஒரு பை நிறையப் புதுப் பந்து வாங்கி அவர்களுக்கு உருட்டிவிட்டார். துணி காயப்போடுகிறவர்கள் "சாவி" கேட்டார்கள், அரைஞாணிலிருந்து மாடிச் சாவி கழன்று வந்தது. கோதண்டம் தன் பெயரையே கேட்டார்.

"ஆக்னஸக்கா உங்கள எதுக்கு நெனைக்கணும்?" என்றாள் பிலோமி.

"சொல்லு கண்ணு, சொல்லிப் பாப்போம். என் கார் ஷெட்ட எதுத்து அந்தாளு போட்ட மனு ஆபீஸ்ல கெடக்குது."

"கோதண்டம்" என்று விக்கியது. சவரிநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஒரு பகல் முழுக்க நெற்றியைத் தேய்த்தார், கடைசியில் மகளுக்குப் பிடித்த மனிதர் போலிருக்கிறது என்று முடிவு செய்து, போய் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு கோதண்டத்தின் கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் எல்லாருக்கும் ருசி ஏறிவிட்டது. "மன்னிப்பு" என்ற சொல்லை யார் கேட்டது என்று பிற்பாடு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அது விக்கியது, அவர் பதினைந்து வீட்டுக் கதவையும் தட்டினார், பந்துக்காக, சாவிக்காக, செயலாளராக இருந்தபோது பேசிய பேச்சுக்காக, ஒவ்வொரு வாசலிலும் கைகூப்பி நின்றார், ஒவ்வொருவரும் முழுசாகக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள், அவர் மேலே போனதும் மறுபடி திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். "பெட்டி" என்று விக்கியபோது அவர் தன் இரண்டு பெட்டிகளையும் எடுத்து வந்து படிக்கட்டு மேடையில் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேட்டியைத் தூக்கிக்கொண்டு அவற்றைத் தாண்டினார், திரும்பி வந்து மறுபடி தாண்டினார், முட்டி வலிக்கிறவரைக்கும் தாண்டிக்கொண்டே இருந்தார், கீழ்ப்படியில் பிள்ளைகள் எண்ணினார்கள், முப்பத்தாறு.

பிலோமி அதைக் கதவின் கண்ணாடித் துளையால் பார்த்தாள். சிரிப்பு வந்தது, ஆனால் முன்னைப்போலக் குலுங்க வரவில்லை. இப்போதெல்லாம் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. பல் விளக்கும்போது நாளைய சொல் என்ன என்று யோசித்தாள், கோயிலில் முழங்காலில் நின்று அவர் இன்று எந்தச் சட்டை போடுவார் என்று யோசித்தாள், ஒரு நாள் சிலிண்டர்காரர் குரலில் கூப்பிட வாயெடுத்தபோது ஆக்னஸின் குரல் வந்தது, பங்குச் சாமியாரின் இருமலும் ஆக்னஸாகவே வந்தது.

"அங்கிள், போதும்னு நெனைக்கிறேன்," என்றாள் கோதண்டத்திடம்.

"இன்னா போதும்? ஆரம்பிச்சவ நீ. நிறுத்தினா அந்தாளுகிட்ட யார் போய்ச் சொல்றது, நீயா நானா?" என்று கோதண்டம் ஏப்பம் விட்டார். "ஒரு விருந்தோட முடிச்சிருவோம். வர்றேன்னு சொல்லு. பிரியாணி போடுவாரு. நல்லாப் போடுவாரு."

வியாழக்கிழமை "வரேன்" என்றது. வெள்ளிக்கிழமை "ஞாயிறு" என்றது. சனிக்கிழமை "சென்னை" என்றது. சவரிநாதன் கூடத்துக்கு வெள்ளை அடித்தார், மகளின் அறையிலிருந்த அறுந்த துணிக்கொடியை மாற்றிக் கட்டினார், வீராம்பட்டினத்து மருமகனுக்கு ஒரு வேட்டியும் பேரப்பிள்ளை இருந்தால் இருக்கட்டும் என்று மூன்று அளவில் மூன்று கவுனும் வாங்கினார், ஆண் பிள்ளையாக இருந்தால் என்ற யோசனை அப்புறம்தான் வந்தது, மறுபடி போய் மூன்று சட்டை வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அடுப்பு மூட்டினார். மரியகம் முழுக்கக் குளித்து முழுகி வந்து பாயில் உட்கார்ந்தது. "அவ வர்றதுக்குள்ள பசிச்சிருந்தா சாப்புடுங்க," என்று அவரே சொல்லிவிட்டதால் சாப்பிட்டார்கள், இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, பார்த்தால் தாங்காது.

நாலு மணி ஆயிற்று. சவரிநாதன் ஒரு பாட்டிலைத் திறந்து, நுரை வழியாமல் தம்ளரைச் சாய்த்து ஊற்றி, சமையலறை ஜன்னலுக்கு இடது தோளைக் காட்டி நின்றார். வாசல் நிலையில் தலைகள் அடுக்கடுக்காக நின்றன, கோதண்டம் கையில் எலும்போடு முன்னால் நின்றார், ரெஜினாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது, அவள் உண்மையாகவே ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பஸ் எங்க வந்துருக்குன்னு கேட்டுருவோம்," என்றார் சவரிநாதன், வெட்கப்படுகிற மாதிரி. "எத்தனை மணிக்கு வருவான்னு தெரிஞ்சா ஸ்டாண்டுக்குப் போயிருவேன்."

குழிக்கு இந்தப் பக்கம் பிலோமி குந்தி உட்கார்ந்திருந்தாள். அன்றைய சொல் தயார். முந்தின ராத்திரி முழுக்க அதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தாள், சென்னையிலிருந்து வருகிற பஸ் நாலு மணிக்கு எங்கே நிற்கும் என்று கணக்குப்போட்டு எடுத்த சொல்.

அவர் குடித்தார். தொண்டை துள்ளியது. அவள் வாயைத் திறந்தாள்.

அவளுக்கு இமைப்பொழுது முந்தி, சவரிநாதனின் தொண்டையிலிருந்தே, அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, குரலோடு அசல் விக்கல் வந்தது. மெல்லிசாக, கொஞ்சம் கரகரப்பாக, யாரையும் போல இல்லாத ஒரு சின்னப்பெண் குரல்.

"திண்டிவனம்."

திறந்த வாயைப் பிலோமியால் மூட முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஆக்னஸின் குரல், இரண்டாவது தடவையாக, அதே சொல்லைச் சொன்னது.

"திண்டிவனம்."

"ஐயோ, முதல்ல வந்தது நம்ம பிலோமியோட சொந்தக் கொரலாச்சே," என்றாள் ரெஜினா, காய்ச்சல் நாட்களில் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் மட்டுமே கேட்டிருக்கிற குரல் அது. கோதண்டத்துக்கு வாயில் இருந்தது மூக்கில் ஏறியது. அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு தனபால், டீச்சர், பிள்ளைகள், ஆறு வாரமாகப் பதினைந்து வீட்டிலும் மூடி போட்டு வைத்திருந்த சிரிப்பு மொத்தமும் பொங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், ஒருவர் முதுகில் ஒருவர் அறைந்துகொண்டு சிரித்தார்கள், பாயில் உருண்டார்கள், புது வெள்ளை ஒட்டிய கைகளோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்கள்.

சவரிநாதன் தம்ளரை மேடையில் வைத்தார். நல்ல காதை ஜன்னல் பக்கம் திருப்பினார். பிறகு முகத்தையும் திருப்பினார். கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கில் இரண்டு கண் தெரிந்தது.

அவர் தொண்டை மறுபடி துள்ளியது. "அங்கிள்" என்றது, அவள் குரலில். மறுபடி துள்ளியது. "பாக்காதீங்க" என்றது. பிலோமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், அதனால் ஒரு பயனும் இல்லை, அவள் நினைக்க நினைக்க அவருக்கு விக்கிக்கொண்டே இருந்தது, நினைப்பை நிறுத்துவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. "போங்க" என்றது. "உள்ள போங்க" என்றது.

சவரிநாதன் போகவில்லை. விக்கலுக்கு நடுவில் கொஞ்சம் இடம் கிடைக்கும்வரை பொறுத்திருந்தார், கிடைத்ததும் தன் குரலில், பின்னால் இருந்த சத்தத்துக்குக் கேட்காதபடி மெதுவாக, குழிக்கு அந்தப் பக்கம் மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஆக்னஸ் நெனைக்கவே இல்ல. ஒரு நாளும் இல்ல. அப்படித்தானேம்மா?"

பிலோமி பொத்திய கையை எடுக்கவில்லை.

அவர் தொண்டை துள்ளியது.

"ஆமா" என்றது.